ஏர்பேக்கின் மேல் பிள்ளையார்

வண்டிய நகத்தீராதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் சுலோச்சனா கோவிலுக்குள் போனாள். எங்கே நகர்த்துவது? பூக்கார அம்மாள் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். குருக்கள் வந்து சூடம் காட்டிய பிறகுதான் அவற்றை நசுக்கிக்கொண்டு முன்னால் போகலாம், புது வண்டிக்கு அதுதான் முறை. சறுக்காமல் பிடிக்க ஒரு கணினி, மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்க ஒரு கணினி, முன்னால் போகிறவன் திடீரென்று நின்றால் எனக்கு முன்பே பயந்துபோய்த் தானாக பிரேக் போட ஒரு ரேடார், இத்தனையும் கொண்ட வண்டியை நாலு எலுமிச்சம்பழம் நிறுத்தி வைத்திருக்கிறது. சிரிப்பு வரவேண்டும். வருகிறது, பாதியில் நிற்கிறது, ஏனென்றால் சிரிக்கும்போது கண் தானாக இடப்பக்கம் போகிறது. அங்கே, அவள் உட்காரும் இருக்கைக்கு நேர் எதிரே, டாஷ்போர்டின் மேல் பித்தளைப் பிள்ளையார். உள்ளங்கை உயரம், சதுரப் பீடம். காலையில் வீட்டு வாசலில், ஈரத் தலையில் துண்டோடு, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்து அவளே ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று பிளாஸ்டிக்கில் எழுத்துகள் புடைத்திருந்தன. இப்போது எஸ்.ஆர்.எஸ். மட்டும் தெரிகிறது, ஏர்பேக்கின் மேல் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். வண்டி எதிலாவது மோதினால் அந்த மூடி கண் இமைப்பதற்குள் கிழிந்து பை வெளியே வரும். மேலே இருப்பது எதுவானாலும் எதிரே இருக்கும் முகத்துக்குப் போகும். உரிமையாளர் கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான், எந்தப் பொருளையும் வைக்காதீர், ஒட்டாதீர். படித்தேன். இருமுறை படித்தேன். அவள் ஒட்டிக்கொண்டிருந்தபோது டேப்பின் மேல்தாளை உரித்துக் கொடுத்தவனும் நான்தான்.

கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் கார் வாங்கினால் எப்படி வாங்குவான், முதலில் வகைப்படுத்துவான். பாதுகாப்பு வசதிகளை நான் இரண்டாகப் பிரித்தேன், மோதுவதற்கு முன் உதவுபவை, மோதிய பின் உதவுபவை. மோ.மு., மோ.பி. என்று மனதுக்குள் பெயர். வாழ்க்கையையும் இப்போது அப்படித்தான் பிரித்திருக்கிறேன், அது தனிக்கதை, இல்லை, அதுவேதான் கதை, இருக்கட்டும். மோ.மு.வில், பிரேக்கை முழுக்க மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங் நம் சொல்லைக் கேட்கவைப்பது ஒன்று, இல்லாமல் வண்டி வாங்கக் கூடாது. வளைவில் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குப் போனால் இழுத்துப் பிடிப்பது ஒன்று, அதுவும் கட்டாயம். டயரில் காற்று இறங்கினால் சொல்லும் விளக்கு, நல்லது. கண்ணாடியில் விழாத மூலையில் வரும் பைக்கைக் காட்டிக்கொடுக்கும் மினுக்கல், வயதானவனுக்கு நல்லது. மூலை. அந்தச் சொல் வேண்டாம். கோடு தாண்டினால் ஸ்டியரிங்கை உதறி எச்சரிப்பது நம் ரோட்டில் வேலைக்காகாது, கோடு இருக்க வேண்டுமே. மோ.பி.யில் பெல்ட். அதுவும் மோதிய கணத்தில் தானே இறுகிக்கொள்ளும் பெல்ட். இருப்பதிலேயே உருப்படியானது அந்த நாடாதான், மற்றதெல்லாம் அதற்குக் கூட்டாள். பிறகு தலைக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பது, பிறகு பைகள். ஷோரூமில் விற்பனைக்கு நின்ற பெண் ஆறு பைகளையும் பாத்திரக்கடைக்காரி மாதிரி எடுத்து வைத்தாள். முன்னால ரெண்டு, சைடுல ரெண்டு, மேல கர்ட்டன் மாதிரி ரெண்டு சார். சொல்லி முடித்த அதே மூச்சில், சீட் கவர் போட்டுத் தரட்டுங்களா சார் என்றாள். ஏம்மா, அந்த சைடு பை சீட்டுக்குள்ளேயிருந்துதானே வரணும், கவர் போட்டு இறுக்கித் தைத்துவிட்டால் எப்படி வரும் என்றேன். யோசித்தாள், நேர்மையான பெண். வராதுங்க சார், ஆனா லெதர் பாக்க நல்லாருக்கும் சார். பில் போடும்போது ஒரு சின்ன இரும்புக் கொக்கியைக் கையில் வைத்தாள். பெல்ட் போடலைன்னா வண்டி கத்தும் சார், தொந்தரவா இருந்தா இதச் சொருகிட்டாப் போதும், கத்தாது, இது ஃப்ரீ. பாதுகாப்பை வாங்குவதும் அதன் வாயை அடைப்பதும் ஒரே பில்லில் முடிகிற தேசம் நம்முடையது. அந்தக் கொக்கியை வீட்டுக்கு வரும் வழியில் பாலத்திலிருந்து நொய்யல் ஆற்றில் எறிந்தேன். சுலோச்சனா, நல்ல இரும்பு, எதுக்காச்சும் ஆவுமில்ல என்றாள். நொய்யலில் தண்ணீர் இல்லை, சாயக்கழிவின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

இளம்பரிதியின் வண்டி சின்னது, அதில் இரண்டு பைதான். என் மகன். சென்ற ஐப்பசியில் சேலம் பைபாஸில், விளக்கில்லாமல் நின்றிருந்த லாரிக்குப் பின்னால். அவன் ஓட்டவில்லை, அவன் சிநேகிதன் தினகர் ஓட்டினான், இவன் பக்கத்து இருக்கையில். வேகம் அதிகமில்லை அங்கிள் என்று தினகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழுதான். வண்டியைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மூஞ்சி சப்பையாகியிருந்தது, உள்ளே உட்காரும் இடம் அப்படியே இருந்தது. இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். இருவருக்கு முன்னாலும் பை விரிந்து, நான் பார்க்கும்போது காற்றுப்போய்த் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே வண்டி, ஒரே மோதல், ஒரே பெல்ட், ஒரே மாதிரிப் பை. ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஸ்டியரிங்கின் நடுவில் யாரும் சாமி ஒட்டுவதில்லை. அதற்கு மேல் எனக்கு வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டேயிருக்கிறேன், வேறு ஒரு வித்தியாசத்தை யாராவது சொன்னால் அவர் காலில் விழுவேன். வெள்ளைத் துணியை விலக்கினார்கள். நெற்றியில், இடது புருவத்துக்கு மேல், ஒரு மூலை. சதுரத்தின் ஒரு மூலை, அளந்து வரைந்தது போல். மற்றபடி பரிதி தூங்குகிற மாதிரிதான் இருந்தான், சின்ன வயதில் பரீட்சைக்கு எழுப்பினால் எழாமல் கிடப்பானே, அந்த மாதிரி. பிறகு ஸ்டேஷன் பின்புறம், வண்டியை நிறுத்தியிருந்த இடத்தில், ஒரு ஏட்டு செய்தித்தாளில் பொதிந்து ஒன்றைக் கொடுத்தார். பின்சீட்டுக்கு அடியில கெடந்துச்சு சார், பாருங்க, ஒரு கீறல் இல்ல, சாமி சாமிதான் சார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். நான் வண்டிக்குள் குனிந்து பார்த்தேன். கிழிந்த மூடியின் இரண்டு இதழ்களிலும் பாதிப் பாதியாக ஒரு டேப்பின் சதுரம் ஒட்டியிருந்தது. சுலோச்சனா அந்தப் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிப் பிரித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அன்று அவள் அழுத அழுகையில் அதுதான் முதல் அழுகை. அதை அவன் வண்டியில் ஒட்டியதும் அவள்தான். அம்மா, சாமியெல்லாம் வேண்டாம்மா, அசிங்கமா இருக்கும் என்றான் பரிதி. வாய மூடு கண்ணு, முன்னால இருந்தா உன்னையப் பாத்துக்குவாரு என்றாள்.

எனக்கு நிச்சயமாகத் தெரியுமா, தெரியாது. ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி மாணவர்களைப் படுத்தியவன் நான். டாஷ்போர்டில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம், போன் இருந்திருக்கலாம், போனுக்கும் மூலை உண்டு, ஆனால் போனின் மூலை மழுங்கலாக இருக்கும், இது கூர். கேட்டிருக்கலாம், டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் வீட்டில் எங்காவது அதை வைக்க வேண்டும், வைத்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். சொல்லாத விஷயம் கூட முகத்தில் அட்டை போட்டு ஒட்டின மாதிரி தெரியும் அவளுக்கு, இது ஒன்று மட்டும் எப்படித் தெரியாமல் இருக்கிறது என்று சில சமயம் பயமாக இருக்கிறது. நேற்று சாயங்காலம் பூஜை அறையிலிருந்து பிள்ளையாரை எடுத்துவந்து சமையலறைத் தொட்டியில் புளி போட்டுத் துலக்கினாள். துதிக்கையின் மடிப்புக்குள் கறுப்பாக ஒரு அழுக்கு போகவில்லை. பழைய டூத் பிரஷ் எடுத்துத் தேய்த்தாள், குச்சியால் நோண்டினாள். என்றா இது, எண்ணெய்ப் பிசுக்கு இப்படிப் புடிச்சிருக்குது. நான் அருகில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். குடித்துக்கொண்டேயிருந்தேன், டம்ளரில் ஒன்றுமில்லாத பிறகும். பிறகு, சுலோ, இவர எதுக்குப் புது வண்டியில என்றேன். எதுக்கா? அவன்ற வண்டியில ஒடையறதெல்லாம் ஒடஞ்சுது, இவரு மட்டும் ஒடையல. எனக்குன்னு வெச்சிருந்து குடுத்த மாதிரி. என்னைய இவரு பாத்துக்குவாருங்க. சரி, நடுவுல வெச்சிடலாமே, ரெண்டு பேருக்கும் பொதுவா என்றேன். நடுவுல வெச்சா யாரப் பாப்பாரு? அவன் வண்டியில எங்க இருந்தாரோ அங்கயே இருக்கட்டும். அப்ப நீ பின்சீட்டுல உக்காரு, ராணி மாதிரி, கால நீட்டிக்கலாம், முட்டி வலிக்கும் நல்லது. ஏனுங்க, நானென்ன வாடகை வண்டியிலயா வாறேன்? உங்க மூஞ்சியப் பாக்காம உங்க முதுகப் பாத்துட்டு வரவா, பஸ்ஸுலயே போயிக்கறேன் போங்க. இதற்கு மேல் ஒரே ஒரு வாக்கியம்தான் மீதி. அந்த வாக்கியத்தைச் சொன்னால் பிள்ளையார் அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்துவிடுவார், சந்தேகமில்லை, நம்பிக்கைக்குரிய சாதனம் அது, நூற்றுக்கு நூறு வேலை செய்யும். ஆனால் அதற்குப் பிறகு அவள் தன் கையைப் பார்ப்பாள். பரிதி வண்டியில் டேப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்த கட்டைவிரலைப் பார்ப்பாள். இன்றைக்கு, நாளைக்கு, சாப்பிடும்போது, தலை வாரும்போது. அப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை வருடம் இருப்பாள். எனக்குத் தெரிந்த எந்தக் கம்பெனியும் அந்த மோதலுக்குப் பை தயாரிக்கவில்லை.

வரிசை நகரவேயில்லை. கம்பித் தடுப்புக்குள் அவள் மாம்பழ நிறப் புடவை தெரிகிறது, கையில் தேங்காய்ப் பழத் தட்டு, முன்னால் நிற்கும் அம்மாளிடம் ஏதோ சொல்லி எங்கள் வண்டியைக் காட்டுகிறாள், அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிறாள், நான் கை ஆட்டுகிறேன். சிரிக்கிறாள் சுலோச்சனா. இந்த ஒரு வருடத்தில் அவள் சிரித்ததை நான் எண்ணிச் சொல்லிவிடலாம், எண்ண மாட்டேன். கை நீட்டிப் பிள்ளையாரைப் பிடிக்கிறேன். முறுக்குகிறேன். அசையவில்லை. டேப் பொட்டலத்தில், வண்டியே பிய்ந்தாலும் இது பிய்யாது என்று தமிழிலேயே போட்டிருந்தான், விளம்பரத்தில் உண்மை எழுதுகிற ஒரே கம்பெனி. பிய்ந்தால் மட்டும் என்ன செய்வதாம், விழுந்துவிட்டது என்பதா? பூஜைக்கு முன்னால் சாமி தானாக விழுந்த வண்டியில் ஏற மாட்டாள், அல்லது ஏறி, விழுந்தவரை மடியில் வைத்துக்கொள்வாள், இன்னும் நெருக்கம். பக்கத்தில் ஒரு வெள்ளை வண்டி வந்து நிற்கிறது, அதற்கும் மாலை, அதற்கும் எலுமிச்சம்பழம். டாஷ்போர்டில் வரிசையாக முருகர், வேளாங்கண்ணி மாதா, தலையாட்டும் நாய். ஓட்டிவந்தவர் இறங்கி என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டாப் மாடலுங்களா, எத்தன ஏர்பேக்குங்க என்கிறார். ஆறு. ஆறு எதுக்குங்க, நம்மாளுக கிட்ட சாமி இருக்கையில. சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், அவர் சொன்னது நகைச்சுவை, என் சிரிப்பும் அதற்குத்தான். கல்லூரி நூலகத்து வரிசை எண்ணில் இந்து சமயம் 294-இல், விபத்துகள் 363-இல். நடுவில் ஒரு சுவர் முழுக்க அலமாரி, அரசியல் பொருளாதாரம் சட்டம் எல்லாம் வரிசையாக. ஒரு மாணவன் அங்கிருந்து இங்கே வருவதற்குள் களைத்துப்போவான். இந்த வண்டியில் இரண்டும் ஒரே தட்டில், நடுவில் ஒரு டேப். மோதாமலே போகலாம். பெரும்பாலான வண்டிகள் மோதுவதில்லை. பரிதியின் வண்டியும் பெரும்பாலான நாட்கள் மோதவில்லை. நிதானமாக ஓட்டுவேன், இடப்பக்கமே போவேன், இருட்டிய பிறகு எடுக்க மாட்டேன், ஆனால் விளக்கில்லாத லாரிக்கு என் நிதானம் எப்படித் தெரியும், பின்னால் வருகிற பஸ்காரனுக்கு எப்படித் தெரியும். ரேடார் இருக்கிறது. இருக்கிறது, கையேட்டில் அதற்கும் கட்டம் கட்டி, இதை நம்பியே ஓட்டாதீர் என்று போட்டிருக்கிறான். எல்லாவற்றுக்கும் கட்டம். கையேட்டில் அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான் அந்தச் சாவித்துளையின் படம். நேற்றே பார்த்தேன், பார்க்காதது போல் பக்கத்தைத் திருப்பினேன். பயணி பக்கக் கதவைத் திறந்தால் டாஷ்போர்டின் ஓரத்தில், மூடிய கதவுக்குள் மறைந்துவிடும் இடத்தில், ஒரு சின்னத் துளை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாவியை உருவி அதில் போட்டுத் திருப்பினால் அந்தப் பக்கத்துப் பை செத்துவிடும். பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கையை முன்னால் வைப்பவர்களுக்கு மட்டும், வேறு யாரும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு. பரிதிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பை இல்லாவிட்டால் அவளுக்கு நாடா மட்டும். நாடா இறுகும், பிடிக்கும், ஆனால் தலை முன்னால் போகும், போய் எதில் இடிக்கும், எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார், அவரேதான். பறந்து வருகிற பிள்ளையாருக்குப் பதில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையார். நாடா சரியாக இருந்தால் அதுவரை போகாது, இருக்கையை முடிந்தவரை பின்னால் தள்ளிவிட்டால் போகாது, போகாமல் இருக்கலாம். இருக்கலாம். உலகத்தின் மிகச் சிறந்த வசதிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வாங்கியவன் கடைசியில் வந்து நிற்கிற இடம் இந்த இருக்கலாம். இறங்குகிறேன், எலுமிச்சம்பழத்தை மிதிக்காமல் சுற்றிப் போகிறேன். வெள்ளை வண்டிக்காரர், என்னுங்க தேடறீங்க என்கிறார். ஒண்ணுமில்லீங்க, சீட்டப் பின்னால தள்றேன், வீட்டுக்காரிக்கு முட்டி வலி. இருக்கையைத் தள்ளுகிறேன். சாவியை உருவுகிறேன். பிள்ளையாரின் பக்கவாட்டுத் தோற்றம் இங்கிருந்து தெரிகிறது, பீடத்தின் ஒரு மூலை கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது, கட்டைவிரல் தானாக அதன்மேல் போகிறது, கூர்தான், போன் இல்லை. துளையில் சாவி புதுசுக்கே உரிய இறுக்கத்தோடு நுழைந்தது. திருப்பினேன். டிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை. கதவைச் சாத்தியதும் துளை மறைந்துவிட்டது, எதுவும் நடக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, கார் அதே பளபளப்போடு மாலை போட்டுக்கொண்டு நின்றது.

குருக்கள் வந்தார், அவசரத்தில் இருந்தார், வரிசையில் இன்னும் வண்டிகள். பேனட்டில் சந்தனம், ஸ்டியரிங்கில் குங்குமம், என் கையில் பூ. உள்ளே எட்டிப் பார்த்து, அடடே, உங்களுக்கு முந்தியே உக்காந்துட்டாரே என்றார் பிள்ளையாரைப் பார்த்து. நம்ம பையன் வண்டியில இருந்தவருங்க சாமி, ஒரு கீறலு விழுகலைங்க என்றாள் சுலோச்சனா, குரல் கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் பெருமையாக. குருக்கள் எதையோ புரிந்துகொண்டவர் போலத் தலையசைத்து, தட்டிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்துப் பிள்ளையாருக்குச் சாத்தினார். சூடம் காட்டினார். ம், ஸ்டார்ட் பண்ணி முன்னால எடுங்கோ. அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்ட எதுக்குங்க இத்தன தூரம் தள்ளி வெச்சிருக்கறீங்க, கை எட்ட மாட்டீங்குது சாமிகிட்ட. எட்ட வேண்டாம், பெல்ட்டப் போடு. கோவில் வாசல்லயேவா? போடு சுலோ. இழுத்து மாட்டினாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், மடியில் தேங்காய் மூடி. பொத்தானை அழுத்தினேன். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன, பிரேக் சரி, டயர் சரி, சறுக்கல் சரி. ஒன்று மட்டும் அணையவில்லை. நடுவில், கடிகாரத்துக்கு மேலே, மஞ்சளாக. ஓர் ஆள், அவன் முன்னால் ஒரு உருண்டை, குறுக்கே ஒரு கோடு. அவள் குனிந்து பார்த்தாள். ஏனுங்க, காத்தால வாறப்ப இது எரியலையே, என்ன வெளக்கு இது? கையேட்டின் அந்தப் பக்கம் முழுசாக என் நாக்கு நுனியில் வந்து நின்றது, கட்டத்தோடு. அது பிள்ளையாருக்கு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சாமி பூதம் என்றால் எப்போதும் ஒரு கேலி வைத்திருக்கும் என் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்று கண்டதும் அவள் கண் நிறைந்தது. பெல்ட் இறுக இறுக முன்னால் சாய்ந்து, கையை நீட்டி, அந்த மஞ்சள் வெளிச்சத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போலாமுங்க என்றாள். காலை பிரேக்கிலிருந்து எடுத்தேன். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் ஏதோ நசுங்கியது. வண்டியின் எந்தக் கருவியும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.